தீயணைக்கும் நீரைப் பேணுதல்: கற்பிட்டிக் குடாநாட்டுக் கமக்காரருக்கு

ஆலங்குடாவில் நடைபெற்ற கமக்காரர் வகுப்பொன்றில், நீர் நிரப்பிய தீயணைக்குங் கருவியொன்றை மேசைமேல் வைத்து, அதன் பக்கத்தில் ஒட்டப்பட்டிருந்த குறிப்புக்களை ஒருவரை வாசிக்கச் செய்தோம். “உறைபனியிலிருந்து பாதுகாக்குக” என்னும் வரி வந்ததும் வகுப்பு முழுவதும் சிரித்தது. கடற்கரை மணலில், வெறுங்காலுடன் நண்பகலில் நடக்க இயலாத ஊரில், நீர் உறைவதைப்பற்றி எச்சரிப்பது வேடிக்கையாகத்தான் இருந்தது. பின்வரிசையிலிருந்த முதியவர் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. “சேர், உறையாத ஊரிலே அந்தத் தண்ணிக்கு வேற என்ன கெடுதி வரும்?” என்று கேட்டார்.

அவர் அவ்வாறு கேட்டதற்குக் காரணமுண்டு. சென்ற சோளகக் காலத்தில் அவருடைய கொட்டில் எரிந்துபோயிற்று. கொட்டிலின் பின்புறத்தில், பாத்திகளுக்கு மூடாக்கிடுவதற்கென வாங்கிக் குவித்திருந்த தும்புத்தூளிற் பிற்பகலில் தீப்பிடித்தது. கொட்டிலினுள்ளே தீயணைக்குங் கருவியொன்று தொங்கியது; அதன் ஊசியை இழுத்தார், வரவில்லை. உப்புக் காற்றில் ஊசியும் துளையும் ஒன்றாகத் துருவேறியிருந்தன. பின்னர் கிணற்றிலிருந்து வாளி வாளியாக நீர் அள்ளி ஊற்றினார்கள். சுவாலை அடங்கிற்று, புகையும் நின்றுவிட்டது போலிருந்தது. எல்லோரும் வீடு சென்றனர். நள்ளிரவுக்குப் பின் அதே குவியல் மீண்டும் பற்றி, காற்றோடு கிடுகுக் கூரைக்கு ஏறியது. அடுத்த போகத்துக்கென்று கட்டித் தொங்கவிட்டிருந்த விதை வெங்காயம் முழுவதும் வெந்து சாம்பலாயிற்று. விதை வெங்காயம் இல்லாத கமக்காரர் அப்போகத்தைக் கடன்பட்டே தொடங்கவேண்டும் என்பதை இங்குள்ளோர்க்கு நாம் எடுத்துக்கூற வேண்டியதில்லை.

அம்முதியவரின் வினாவுக்குரிய விடையே இத்துண்டுப்பிரசுரமாகும். அவருடைய கொட்டிலில் நீர் இருந்தது, கருவியும் இருந்தது, ஆட்களும் இருந்தனர். இருந்தும் இரண்டு காரணங்களால் நீர் தோற்றது. ஒன்று உப்பு, மற்றையது, ஊற்றிய நீர் எரிபொருளினுள்ளே இறங்காமல் வழிந்தோடியமை. குளிர்நாட்டாரை வருத்துவது உறைதல் ஆனால், நம்மை வருத்துவன இவ்விரண்டுமேயாம்.

முதலில் குளிர்நாட்டார் என்ன செய்கின்றனர் என்பதைச் சிறிது நோக்குவோம். அதிலிருந்து நாம் கற்கத்தக்கது உண்டு. நீர் உறையும்போது அதன் பருமன் ஏறத்தாழ 9 வீதம் கூடுகின்றது. ஆகவே மூடிய பாத்திரத்தில் உறைந்த நீர் பாத்திரத்தைப் பிளக்கும்; பிளக்காவிடினும், தீப்பிடித்த வேளையில் பனிக்கட்டியை யாரும் பீச்ச இயலாது. இதனைத் தடுப்பதற்கு மிகப் பழைய வழி, நீரில் உப்பைக் கரைத்து வைப்பதாகும். நாம் சமையலுக்கு உபயோகிக்கும் உப்பை, நூறு பங்கு கரைசலில் 23 பங்காகக் கரைத்தால், பூச்சியத்திற்குக் கீழே 21 பாகை வரை அக்கரைசல் உறையாது. கல்சியங் குளோரைட்டை 30 பங்களவில் கரைத்தால், பூச்சியத்திற்குக் கீழே 50 பாகைக்குக் கிட்டிய குளிரையும் தாங்கும். குளிர்நாடுகளில் தீ வாளிகளிலும் பீப்பாக்களிலும் இதனைக் கரைத்து வைக்கும் வழக்கம் இருந்தது. ஆனால் இவ்வுப்புக்கள் இரும்பைத் தின்பவை. எனவே உலோகக் கருவிகளுக்கு, பொற்றாசியஞ் சேர்ந்த உப்புக்களைத் துருத்தடுப்புப் பொருளுடன் சேர்த்து நிரப்பும் முறை ஏற்பட்டது.

இதில் நம்மவர்க்குச் சுவையான செய்தியொன்றுண்டு. இக்காலத்துக் கைக் கருவிகளுக்கு முன்னோடியானதை ஆங்கிலேயரான கப்டன் ஜோர்ஜ் மான்பி என்பவர் 1818 இல் செய்து காட்டினார். அது ஒரு செப்புப் பாத்திரம். அதனுள் 3 கலன் கரைசலும், அதனை வெளியே தள்ளுவதற்கு அமுக்கிய காற்றும் இருந்தன. அக்கரைசலில் இருந்தது பொற்றாசியங் காபனேற்று. அதாவது, மரச்சாம்பலை நீரிற் கரைத்து, வடித்து, காய்ச்சி எடுக்கும் உப்பு. தென்னம் பொச்சுமட்டையின் சாம்பலிலும் பொற்றாசு மிகுதியாக இருப்பதனாலேயே நம் முன்னோர் அதனைத் தென்னையடியிலும் தோட்டத்திலும் இட்டு வந்தனர். பொற்றாசிய உப்புக்கள் நீரை உறையாமற் காப்பதோடு, சுவாலையினுள்ளே நிகழும் இரசாயன மாற்றத்தையும் தடுத்து, தீயை விரைவில் அடக்குகின்றன. ஒரே பொருள் இரு வேலையைச் செய்வதை மான்பியின் பாத்திரத்திற் காணலாம். இதனைப் படித்துவிட்டுச் சாம்பல் நீரைத் தம் கருவியில் ஊற்றிவிடலாமென யாரும் எண்ணலாகாது. அது கண்ணையும் தோலையும் அரிக்கும், அலுமினியத்தையும் கெடுக்கும்.

உழவியந்திரத்தின் குளிராக்கியில் ஊற்றும் திரவத்தை நீருடன் கலந்தால் என்ன என்று வகுப்பில் ஓர் இளைஞர் கேட்டார். அது கூடவே கூடாது. உறைதடுப்புத் திரவங்களுட் பல தாமே எரியக்கூடியவை. 2009 இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், கிளிசரின் செறிவாகக் கலந்த நீர் நிரம்பியிருந்த கூரைத் தெளிப்பானொன்று, அடுப்பிலே பற்றிய எண்ணெய்த் தீயின்மேல் திறந்துகொண்டபோது தீ அணைவதற்குப் பதிலாக வெடித்துப் பெருகி உயிர்ச்சேதம் விளைந்தது. அதன்பின் 2010 இல் அந்நாட்டுத் தேசிய தீக்காப்புச் சங்கம் இத்தகைய கலவைகளைக் குறித்து எச்சரிக்கை விடுத்தது.

இலங்கையில் உறைபனியைக் காணவேண்டுமாயின் நுவரெலியாவுக்குச் செல்லவேண்டும். அங்கே தை, மாசி மாதங்களிற் சில விடியற்காலைகளில் புல்லின்மேலும் உருளைக்கிழங்குச் செடியின்மேலும் வெண்பனி படியும். அத்தகைய இடங்களிலும் கருவியைக் கட்டடத்தினுள்ளே வைத்தாற் போதுமானது. ஆலங்குடாவில் அந்தக் கவலையும் இல்லை. குளிர்நாட்டார் வேண்டுமென்று நீரிற் சேர்த்த உப்பு இங்கே வேண்டாமலே வந்து சேர்கின்றது. இதுவே நமக்குள்ள இடர்.

ஒருபுறம் கடல், மறுபுறம் புத்தளம் களப்பு, நடுவே மணல். இம்மணலினுள்ளே மழைநீர் ஒரு மெல்லிய படையாக உவர்நீரின்மேல் மிதந்து நிற்பதையே நாம் கிணறுகளில் இறைக்கிறோம். அளவுக்கு மேல் இறைத்தால் கீழுள்ள உவர் மேலேறும். கோடையில் நாக்குக்கு உவர்ப்புத் தட்டும் கிணற்று நீரை ஒருபோதும் தீயணைக்குங் கருவியில் நிரப்பலாகாது. கருவியின் உட்புறத்துக்குப் பாதுகாப்புப் பூச்சு இருக்கலாம். ஆனால் பூச்சில் ஓர் ஊசிமுனையளவு வெடிப்பு இருந்தாலும் உப்புநீர் அவ்விடத்தைக் குடைந்துகொண்டே போகும். துருவேறா உருக்கென்று விற்கப்படுவதுங்கூடக் குளோரைட்டு மிகுந்த நீரிற் புள்ளி புள்ளியாக அரிக்கப்படும். அமுக்கத்தைத் தாங்கி நிற்கும் பாத்திரம் அரிக்கப்படுவது நீர் வீணாவது மட்டுமன்று. பிடித்திருப்பவரின் உயிருக்கே ஆபத்தாகும். கருவியைத் திறந்து நிரப்புவது பயிற்சி பெற்றவரின் வேலை. அவரிடம், மழைநீரையோ உவரில்லாத குழாய்நீரையோ உபயோகிக்குமாறு கேட்டுக்கொள்வது உங்கள் வேலை.

வெளிப்புறத்தின் கேடு இதனிலும் விரைவானது. வைகாசி முதல் புரட்டாதி வரை வீசும் சோளகம் கடற்றுவலையைச் சுமந்து வந்து கொட்டிலிலுள்ள ஒவ்வோர் உலோகப் பொருளின்மேலும் படியவிடுகின்றது. ஆகவே மாதமொருமுறை, நல்ல நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் கருவி முழுவதையும் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றியெடுக்குக. முத்திரையை உடைக்காமல், ஊசி தன் துளையில் அசைகின்றதா என்று மெதுவாகச் சுழற்றிப் பார்க்க. அசையாவிட்டால், அல்லது துருவின் செந்நிறங் கண்டால், கருவியை உடனே பழுதுபார்ப்பவரிடம் கொடுக்கவேண்டும். சுத்தியலால் தட்டுவது கூடாது. அமுக்கமானியின் முள் பச்சை நிறப் பகுதியுள் நிற்கவேண்டும். குழாயின் வாயையும் பார்க்க. நம் கொட்டில்களில் மண்குளவி கூடுகட்டாத துளையே இல்லை. ஒரு கருவியின் வாயைச் சுரண்டியபோது களிமண்ணும் புழுவும் உதிர்ந்ததை நாமே கண்டிருக்கிறோம். ஒரு மெல்லிய பொலித்தீன் துண்டை வாயில் தளர்வாகச் சுற்றி, இழுத்தவுடன் கழரும்படி நூலாற் கட்டிவைத்தால் இத்தொல்லை நீங்கும். ஆண்டுக்கொருமுறை பயிற்சி பெற்றவரைக்கொண்டு சோதிப்பித்தலும், பொதுவாக 5 ஆண்டுக்கொருமுறை முழுவதும் வெளியேற்றி உட்புறத்தைப் பார்த்தலும் தேவை.

தொங்கவிடும் இடத்தைப்பற்றி ஒரு வார்த்தை. அம்முதியவர் தம் கருவியைக் கொட்டிலின் உட்கோடியில் தொங்கவிட்டிருந்தார். எரியும் கொட்டிலினுள்ளே ஓடிக் கருவியை எடுக்கவேண்டிய நிலை எவ்வளவு விபரீதமென எண்ணிப் பாருங்கள். வாயிலுக்கு வெளியே, காற்றுப்படாத பக்கத்தில், நிழலில், இடுப்புயரத்தில் தொங்கவிடுக. நீர் நிரம்பிய 9 லீற்றர்க் கருவி ஏறத்தாழ 14 கிலோகிராம் நிறையுள்ளது. வீட்டிலுள்ள பெண்களும் முதியோரும் அதனைத் தூக்க இயலுமா என்பதையும் வாங்குமுன்னரே பார்க்கவேண்டும்.

இனி இரண்டாவது காரணத்துக்கு வருவோம். இதுவே நாம் அதிகமாக விளக்க விரும்புவது.

நீர் தீயை அணைப்பது முக்கியமாக வெப்பத்தை உறிஞ்சுவதனாலேயாம். 30 பாகையிலுள்ள நீர் கொதிநிலைக்கு வரும்வரை ஏற்கும் வெப்பத்தைப்போல் ஏழு மடங்குக்கும் மேலான வெப்பத்தை, அது ஆவியாக மாறும்போது ஏற்கின்றது. ஆகவே எரிபொருளின்மேல் ஒட்டிநின்று ஆவியான நீரே வேலைசெய்த நீர். சூடேறாமல் நிலத்தில் ஓடிய நீர் வேலையை ஏறக்குறையத் தொடவேயில்லை. அம்முதியவர் வீட்டார் ஊற்றிய வாளிகளுட் பெரும்பகுதி இவ்வாறே மணலுக்குச் சென்றது. நன்கு ஊறிய தும்புத்தூள் தன் நிறையைப்போல் ஏறத்தாழ எட்டு மடங்கு நீரைப் பிடித்துவைக்க வல்லது. அதற்காகவே நாம் அதனைப் பாத்திகளுக்கு இடுகிறோம். ஆனால் எலும்பாய் உலர்ந்துபோன தூள் முதலில் நீரை ஏற்க மறுக்கும். மேலே ஊற்றிய நீர் ஓடிவிட, ஓரடி உள்ளே கனல் சுவாலையின்றி ஊர்ந்துகொண்டே இருக்கும். காற்று ஒருமுறை துளைத்தால் போதும்.

நீர் உருண்டோடுவதை வெங்காயச் செய்கை செய்வோர் நாள்தோறும் காண்கின்றனர். வெங்காயத் தாளின்மேல் மெழுகுப் படையிருப்பதனால், வெறும் நீரிற் கலந்த மருந்து முத்து முத்தாக உருண்டு விழுந்துவிடும். அதனைத் தடுப்பதற்காகவே தெளிகருவியினுள்ளே பரவச் செய்யும் திரவத்தைச் சில துளிகள் சேர்க்கிறீர்கள். உடனே முத்துக்கள் குலைந்து, தாள் முழுவதும் மெல்லிய படலமாக நீர் படிகின்றது. நீரின் மேற்பரப்பு இழுவிசை குறைந்ததே இதற்குக் காரணம். தீயணைக்கும் நீருக்கும் வேண்டியது இதுவேதான். சேர்மானம் கலந்து விற்கப்படும் 6 லீற்றர்க் கருவிகள், வெறும் நீர் நிரப்பிய 9 லீற்றர்க் கருவிக்கு நிகரான தரமதிப்பைப் பெறுவது இதனாலேயாகும். புதிதாக வாங்குவோர் அவ்வகையைக் கேட்டு வாங்குதல் நன்று, தூக்குவதற்கும் இலேசு. ஏற்கனவே உள்ள கருவியைத் திறந்து எதையும் ஊற்ற முற்படவேண்டாம்.

வாளிக்கும் பீப்பாவுக்கும் தெளிகருவிக்கும் நாமே செய்துகொள்ளக்கூடிய முறை உண்டு. வகுப்பில் இதனைச் சோதித்துக் காட்டினோம். நீங்களும் வீட்டிற் செய்து பார்க்கலாம். இரண்டு தகரப் பேணிகளில் நன்கு உலர்ந்த தும்புத்தூளை ஒரே அளவாக இட்டு, ஒன்றில் வெறும் நீரையும், மற்றதில் பாத்திரங் கழுவும் திரவச் சவர்க்காரம் கலந்த நீரையும் ஒரு கோப்பை வீதம் மெதுவாக ஊற்றுக. சிறிது நேரங்கழித்து இரண்டையும் கவிழ்த்துப் பாருங்கள். வெறும் நீர் மேலே குளமாக நின்று, பக்கவாட்டில் வழி தேடிச் சென்றிருக்கும். நடுவில் தூள் உலர்ந்தபடியே இருக்கும். சவர்க்கார நீர் அடிவரை இறங்கியிருக்கும். அம்முதியவர் உலர்ந்த தூளை விரலாற் கிளறிப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை.

10 லீற்றர் வாளிக்கு ஒரு மேசைக்கரண்டி திரவம் போதும். துணி துவைக்கும் கட்டிச் சவர்க்காரத்தைக் கரைப்பதாற் பயன் குறைவு. நம் கிணற்று நீரிலுள்ள சுண்ணாம்பும் உப்பும் அதனைத் திரைத்து வெண்பொருக்காக்கிவிடும். பாத்திரங் கழுவும் திரவம் அவ்வாறு எளிதில் திரைவதில்லை. முன்கூட்டியே கலந்துவைக்கவும் வேண்டாம். நாட்படக் கெட்டு நாறும். திரவப் போத்தலைப் பீப்பாவின் காதிலே கட்டித் தொங்கவிட்டு, தேவையான வேளையிற் கலந்துகொள்க. முதலில் நீரை அள்ளிப் பின்னர் திரவத்தை விட்டுக் கையாற் கலக்குக; மாற்றிச் செய்தால் வாளி முழுவதும் நுரையாகவே இருக்கும்.

கொட்டில்தோறும் மூடியுள்ள 200 லீற்றர்ப் பிளாத்திக்குப் பீப்பா ஒன்று இருப்பது நன்று. மூடி இரு காரணங்களுக்காக அவசியம். கோடையில் திறந்த நீர் நாளொன்றுக்குச் சுமார் 5 மில்லிமீற்றர் ஆவியாகிவிடும். ஒரு மாதத்தில் வாளியின் பாதி வற்றிவிடுவதைக் கவனியாமலே இருந்துவிடுவோம். மற்றது நுளம்பு. தீக்கென்று வைத்த நீரில் டெங்கு நுளம்பைப் பெருகவிடுவது ஓர் ஆபத்தை விலக்க வேறோர் ஆபத்தை வரவழைப்பதாகும். மண்ணெண்ணெயை மேலே ஊற்றி நுளம்பைத் தடுக்கும் பழைய வழக்கத்தை இங்கே கைக்கொள்ளவே கூடாது.

முதுகிற் சுமக்கும் 16 லீற்றர்த் தெளிகருவி, தும்புத்தூள், சருகு, பொச்சுமட்டைக் குவியல் போன்றவற்றின் தீக்கு மிகச் சிறந்த ஆயுதம். காட்டுத்தீயை அணைப்போர் பல நாடுகளில் இதே அமைப்பையே முதுகிற் சுமக்கின்றனர். 9 லீற்றர்க் கருவி ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் வெறுமையாகிவிடும். தெளிகருவியோ வேண்டிய இடத்தில் வேண்டிய அளவு, மீண்டும் மீண்டும் கொடுக்கும். ஒருவர் மண்வெட்டியாற் குவியலை மெல்ல மெல்ல இழுத்துப் பரப்ப, மற்றவர் சவர்க்கார நீரைத் தெளிக்கவேண்டும். புகை நின்றதென்று திரும்பிவிடலாகாது. புறங்கையை அருகே கொண்டுசென்று சூட்டை உணர்க. உட்பகுதியில் வெப்பமிருந்தால் மீண்டும் பரப்பித் தெளிக்க. அன்றிரவு ஒருவர் அங்கே காவலிருத்தல் வேண்டும். மருந்தின் மிச்சமுள்ள தெளிகருவியை அப்படியே உபயோகித்தால் சூட்டில் எழும் நச்சுப் புகை தெளிப்பவரையே தாக்கும். ஆகையால் ஒவ்வொரு நாளும் மருந்தடித்தபின் மும்முறை கழுவிவைக்கும் வழக்கம் இதற்கும் உதவும்.

கிடுகுக் கூரையின் கதை வேறு. 1990 இல் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் இம்மாவட்டத்திற் தஞ்சமடைந்தபோது, ஆலங்குடாவிலும் அயலிலும் கிடுகுக் குடிசைகள் நெருக்கமாக எழுந்தன. இன்று பலர் கல்வீடு கட்டிக்கொண்டனர். எனினும் அடுக்களையும் வெங்காயக் கொட்டிலும் மீன்வாடியும் இன்னும் பல இடங்களிற் கிடுகாலேயே வேயப்படுகின்றன. கிடுகு பற்றினால் எவ்வளவு நேரமிருக்கும் என்பதைத் தமிழ்நாட்டிலே கும்பகோணத்திற் கண்டோம். 2004 ஆம் ஆண்டு யூலை 16 ஆந் திகதி, பாடசாலையொன்றின் சமையற் கொட்டிலிற் பற்றிய தீ கூரைவேய்ந்த வகுப்பறைகளுக்குத் தாவி 94 பிள்ளைகளின் உயிரைக் கொண்டுசென்றது. பற்றிவிட்ட கூரையை ஒரு கருவியைக்கொண்டு அணைக்க முயன்று காலத்தைப் போக்கலாகாது. முதலில் ஆட்களை வெளியேற்றுக. பின்னர் காற்றுச் செல்லும் பக்கத்திலுள்ள அடுத்த கூரையைச் சவர்க்கார நீரால் நனைக்குக, அல்லது இழுத்து வீழ்த்துக. சவர்க்கார நீர் கிடுகின் மடிப்புக்களில் தங்கி நிற்பதனால், வெறும் நீரை விட அதிக நேரம் ஈரம் காக்கும். அடுக்களைக்கும் வெங்காயக் கொட்டிலுக்கும் இடையே கூரையில்லாத வெளி இருத்தல் வேண்டும். அடுக்களை சோளகத்துக்குக் கீழ்க்காற்றில் அமையவேண்டும்.

இறைக்கும் இயந்திரத்தின் பெற்றோலும் மண்ணெண்ணெயும் பற்றினால் நீர் ஊற்றாதீர். எண்ணெய் மிதந்து தீயைப் பரப்பும். அடுப்பிலுள்ள எண்ணெய்ச் சட்டிக்கும் இதுவே விதி. ஈரமற்ற மூடியால் மூடி அடுப்பை அணைக்குக. மணலுக்கு நமக்குக் குறைவில்லை. இயந்திரத்துக்கருகே எப்போதும் இரு வாளி உலர்மணல் இருக்கட்டும். மின்கம்பி அருகே நீரைப் பாய்ச்சுமுன் பிரதான ஆளியை நிறுத்தவேண்டும். அவ்வாறு நிறுத்தியதும் மின்னால் இயங்கும் கிணற்றுப் பம்பியும் நின்றுவிடும் என்பதை மறவாதீர். அதனாலேயே பீப்பாவை வற்புறுத்துகிறோம்.

புத்தளம் நகரம் களப்புக்கு அப்பால் கண்ணுக்குத் தெரிந்தாலும், தெருவழியே வரும் வாகனம் பாலாவியைச் சுற்றியே வரவேண்டும். ஆகவே சிறு தீயென்றாலும் ஒருவர் அணைக்கத் தொடங்கும்போதே மற்றொருவர் 110 அல்லது 119 இலக்கத்துக்கு அறிவிக்கட்டும். நல்ல நீர் தீர்ந்துவிட்டால் களப்பு நீரையும் கடல்நீரையும் தயங்காது உபயோகிக்கலாம். தீயை அணைப்பதற்கு உவர் தடையன்று. ஆனால் அந்நீர் வெங்காயப் பாத்திகளுக்கு ஓடாதபடி மண்வெட்டியால் ஒரு வரம்பை இழுத்துவிடுக. தீ அடங்கியபின் வாளிகளையும் தெளிகருவியையும், அதன் பித்தளை முனையையும் கழற்றி, நல்ல நீரில் அலசி, நிழலில் உலர்த்தி, மறுநாட் காலையிலேயே பீப்பாவை மீண்டும் நிரப்பி வைக்கவேண்டும்.